நட்டு விழுந்தால் அசையக் கூடாது

டிங் என்று ஒரு சத்தம். பிறகு சீமெந்துத் தரையில் மிகச் சிறிய வட்டம் ஒன்று ஓடி, ஓடி, தன் வேகத்தைத் தானே தின்று அடங்கியது.

மருந்துக் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர், பின்னால் நான்கைந்து பேர். சத்தம் கேட்ட கணமே என் இரண்டு கால்களும் தரையோடு ஒட்டிக்கொண்டன. முன்னால் நின்றவர் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இடம் காலியாகிவிட்டது. நான் நகரவில்லை.

“அண்ணன், முன்னுக்குப் போங்க.”

“ஒரு நிமிசம். ஆரும் அசைய வேணாம்.”

சொன்ன பிறகுதான் வெட்கம் வந்தது. மருந்துக் கடையில் நின்றுகொண்டு யார் யாருக்குச் சொல்வது இதை? ஆனால் எனக்குப் பின்னால் நின்ற பெண் தன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். தோட்டின் சுரை கழன்று விழுந்திருக்கிறது. நான் குந்தி, கன்னம் தரையில் படுமளவுக்குத் தலையைச் சாய்த்து, போனின் வெளிச்சத்தைத் தரையோடு தரையாகப் படுக்கவிட்டேன். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் சின்னச் சாமான்கள் ஒளிந்துகொள்ளும். பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வொன்றும் தன்னைவிட நீளமான நிழலோடு எழும்பி நிற்கும். நிறை பார்க்கும் மெசினின் காலடியில் நின்றது சுரை. எடுத்துக் கொடுத்தேன்.

“இதெல்லாம் எங்க பழகின நீங்க?” என்று சிரித்தபடி கேட்டாள்.

வரிசை நீளமாக இருந்தது. பதில் அதைவிட நீளம். மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நாவற்குடாவில் என் வீட்டின் பக்கத்தில், மோட்டார் சைக்கிள் விடுவதற்காகக் கட்டிய ஓர் அறை இருக்கிறது. மூன்று சுவர், ஒரு தகரக் கதவு, பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் தென்னைகளுக்கு அப்பால் வாவி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாவிச் சேற்றின் மணமும் தையல் எந்திர எண்ணெயின் மணமும் அந்த அறைக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளை வெளியே உருட்டிவிட்டு, இரண்டு மரக்குற்றிகளின் மேல் ஒரு பழைய கதவைப் படுக்க வைப்பேன். அதுதான் எங்கள் மேசை. பூட்டு இருந்த இடத்தில் கதவில் ஒரு துவாரம். கடதாசியை உருட்டி அதை அடைப்போம். கடதாசி எப்போது கழன்று விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. விழுந்த பிறகு, மேசையில் உருளுகிற ஒவ்வொரு நட்டும் அந்தத் துவாரத்தைத்தான் தேடிப் போகும். அவ்வளவு பெரிய கதவில் வேறு இடமே இல்லாதது போல.

நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் நரைத்தவர்கள். துளையிட்ட இரும்புப் பட்டிகளையும் தகடுகளையும் பித்தளைப் பற்சில்லுகளையும் நட்டும் போல்டும் கொண்டு பூட்டி, ஓடுகிற சின்னச் சின்ன எந்திரங்களைக் கட்டுவோம். சிறுபிள்ளைகளுக்கென்று செய்த பெட்டிகள்தான். குசினி ஜன்னலால் என் மனைவி யாருக்கோ போனில் சொன்னது ஒரு நாள் கேட்டது: “ஞாயித்துக்கிழம வந்தாக் காணும், மூணு கிழடும் சேர்ந்து பாலர் பாடசால நடத்துதுகள்.”

பத்து வயதில் வகுப்புத் தோழன் ஒருவனின் வீட்டில், கண்ணாடி அலுமாரிக்குள் அப்படி ஒரு பெட்டியை முதன்முதலாகப் பார்த்தேன். பச்சைப் பட்டிகள். சிவப்புத் தகடுகள். மூலையில் பித்தளை, மஞ்சள் வெயில் மாதிரி. அவனுடைய தாய் அலுமாரியைத் திறக்காமலே காட்டினார். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்தேன். மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தேன். “விரல் அடையாளம் விழுது மகன்,” என்றார் அந்தத் தாய், மெல்லத்தான் சொன்னார். நாற்பதைத் தாண்டிய பிறகு, பழைய இரும்பு வாங்குகிறவரின் தள்ளுவண்டியில் ஒரு பிஸ்கட் பேணி. மூடியைத் திறந்தேன். பச்சைப் பட்டிகள், பாதி துருவேறி. அதே பெட்டியின் மிச்சமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இந்த ஊரில் எந்தச் சாமானும் ஒரே வீட்டில் நின்றதில்லை.

பட்டிகள் கிடைத்தன, நட்டுகள் போதவில்லை. அந்த நட்டின் மரை பழைய இங்கிலீசு மரை. இப்போது கடையில் கிடைக்கும் நட்டு பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் கடித்துக்கொள்ளும். பிறகு ஏறாது, இறங்காது. டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் இதைச் சொல்லிக் கேட்டபோது கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“போன மாசம் தேத்தாத்தீவால ஒரு டீச்சர் வந்து இதயேதான் கேட்டா. அதுக்கு முதல் காத்தான்குடிக் காக்கா ஒராள். என்ன, மூணு பேரும் சேர்ந்து கப்பலா கட்டுறீங்க?”

இல்லை என்றேன். நட்டு வந்தால் அறிவிக்கச் சொல்லி அவர்கள் விட்டுப் போன இரண்டு போன் நம்பர்கள் கடையின் கலண்டர் ஓரத்தில் கிடந்தன. கடைக்காரருக்கு நட்டு வரவே இல்லை. நாங்கள் மூன்று பேர் வந்து சேர்ந்தோம்.

டீச்சர் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெட்டி தம்பிக்காகத் தகப்பன் வாங்கிக் கொடுத்தது. தம்பிக்குப் பந்துதான் பிடித்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் பெட்டியும் நனைந்தது. ஒவ்வொரு பட்டியையும் மண்ணெண்ணெயில் கழுவித் தாளில் சுற்றி வைத்திருந்தார். காக்கா இருபது வருடம் வளைகுடாவில் கோபுரக் கிரேன் ஓட்டியவர். அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தையில், ஊர் திரும்புகிற வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன பெட்டிகளை வாங்கி, போர்வைகளுக்கும் பால்மாப் பேணிகளுக்கும் நடுவில் வைத்துக் கப்பலில் அனுப்பினாராம். பெட்டியைத் திறந்த மனைவி கேட்டாராம்: “இதுக்குத்தானா நீங்க இருவது வருசம் வெயில் குடிச்ச?” காக்கா என்றால் முஸ்லிம் ஆட்களின் பேச்சில் அண்ணன்; வயதில் டீச்சர்தான் மூத்தவர். அவரும் காக்காவைக் காக்கா என்றே கூப்பிட்டார். காக்கா எதைக் கட்டினாலும் அதில் எங்காவது ஒரு கிரேன் முளைக்கும்.

நட்டு விழுந்தால் அசையக் கூடாது என்பது காக்கா கொண்டுவந்த சட்டம். கட்டிடத்தின் உச்சியிலிருந்து ஒரு நட்டு விழுந்தால் கீழே ஒரு மனிதன் போய்விடுவான். ஆகவே ஏதாவது விழுந்தால் கூவுவார்கள். அது எங்கே விழுந்ததென்று காணும் வரை ஒருவரும் காலை எடுக்கக் கூடாது. எங்கள் அறையில் நட்டு விழுந்து யாரும் சாகப் போவதில்லை. ஆனால் கால் பட்டால் அது தகரக் கதவின் இடுக்கால் முற்றத்து மணலுக்குள் போய்விடும். போனால் போனதுதான். அதனால் டிங் என்று கேட்டதும் காக்கா “அசையாதீங்க!” என்பார். மூன்று பேரும் நின்ற நிலையில் நிற்போம். சிலவேளை ஒருவர் கையில் தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில் நிற்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு இருப்பதும் இதற்காகத்தான். நட்டைக் கண் காணாவிட்டாலும் கால் காணும்.

இன்னொரு சட்டம், டீச்சருடையது. கட்டியதைக் கழற்றாமல் அடுத்ததைத் தொடங்கக் கூடாது. மூன்று பேருடையதையும் சேர்த்தாலும் ஒரு பெரிய எந்திரத்துக்குத்தான் பட்டி போதும். ஆகவே நாங்கள் கட்டிய எதுவும் மிஞ்சவில்லை. நெல்லுச் சூடடிக்கும் மெசின் ஒன்று கட்டினோம். பதரையும் நெல்லையும் கலந்து கொட்டினால் பிரித்துத் தள்ளும். சாண் நீள உழவு மெசின் ஒன்று அரிசிப் பையின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அன்று காக்கா எழும்பி நின்று கை தட்டினார். மணிக்கூடு ஒன்று கட்டினோம். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் முந்தி ஓடியது. டீச்சர் ஊசலின் குண்டைச் சற்று இறக்கிவிட்டார், பிந்தி ஓடியது. ஏற்றினார், முந்தியது. “இது சரியான நேரத்தக் கடந்து கடந்துதான் போகுது, நிக்குதில்ல,” என்றார். படங்களெல்லாம் காக்காவின் போனில் இருந்தன. போன் வாவியில் விழுந்தது. இன்று என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. கதவில் எண்ணெய்க் கறைகள் இருக்கின்றன, அவ்வளவுதான். எது எந்த எந்திரத்தின் கறை என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிறு டீச்சர் வந்து, வழக்கமான முக்காலியில் இருந்து, தன் நட்டுப் பேணியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னும் ஆறு ஞாயிறுதான் எனக்கு இரிக்கி.”

காக்காவின் கையில் இருந்த ஸ்பனர் மேசைக் கதவில் விழுந்தது. “யா அல்லாஹ். டொக்டர் என்ன சொன்னாரு?”

“சீ, வாயக் கழுவுங்க. மகன்ட அலுவல் சரி வந்திட்டு. கனடாவுக்குப் போறன்.”

காக்கா மூச்சு விட்டார். பிறகு, மூச்சு விட்டது பிழையோ என்பது போல என்னைப் பார்த்தார்.

“மறுகா எப்ப வருவீங்க?” என்று கேட்டேன்.

டீச்சர் பேணியைத் திறந்து, நட்டு ஒரு பக்கம் போல்ட் ஒரு பக்கம் என்று பிரிக்கத் தொடங்கினார். “வீட்ட என்ட தம்பிட மகளுக்கு எழுதிக் குடுத்திட்டன்,” என்றார். அதுதான் பதில்.

பிறகு சொன்னார்: “கடைசியா ஒண்டு கட்டுவம். பாதை.”

வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. பாலமில்லாத இடங்களில் ஆட்களையும் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதக்கும் தட்டைத்தான் எங்கள் ஊரில் பாதை என்போம். டீச்சர் பதினொரு வருடம் படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தவர். காலையில் பாதையில் போய், பின்னேரம் பாதையில் திரும்பி வருவார். ஒரு மாரிகாலத்தில் காற்று எழும்பி, பின்னேரம் அவரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய பாதை படுவான்கரைக்கு வராமல் நின்றுவிட்டது. மகனுக்கு அப்போது நான்கு வயது, வீட்டில் காய்ச்சலோடு. கரையில் நின்றால் எதிர்க்கரைத் தென்னைகள் தெரிகின்றன, கூப்பிட்டால் கேட்கிற தூரம் போலத் தெரிகிறது, போக முடியவில்லை. அடுத்த நாள் மத்தியானம்தான் பாதை வந்தது. அந்த மகன்தான் இப்போது கனடாவில் இருந்து கூப்பிடுகிறவன்.

“போறது ஒரு காரியமில்ல தம்பி,” என்றார். “போறத்துக்கு ஆரும் போகலாம். அது திரும்பி வரணும். ஒருத்தரும் கை வெக்காம, தானா திரும்பி வரணும். அத நான் பாத்திட்டுப் போகணும்.”

அந்த ஆறு ஞாயிறுகளைப் பற்றி எழுதும்போது என் கை இப்போதும் அவசரப்படுகிறது. அப்போதும் அப்படித்தான் இருந்தது.

டின்பால் பேணிகளை இரண்டு வரிசையாகப் பூட்டி மிதக்கவிட்டோம். அவற்றின் மேல் சிவப்புத் தகடுகள். ஓரத்தில் பட்டிகளால் கைபிடி வேலி. தகர வேலைக்காரர் ஒருவரிடம் சொல்லிக் கதவின் நீளத்துக்கு ஒரு தொட்டி செய்வித்தார் காக்கா. வாவித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

“பைப்புத் தண்ணியில மிதக்காதா?” என்றார் காக்கா.

“மிதக்கும். ஆனா அது பாதை இல்ல.”

“கவிதக்காரன்ட கதையப் பாருங்க டீச்சர். வாளி சுமக்கிறது ஆரு? நான்.” சொல்லிக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். திரும்பி வரும்போது வாளியில் இரண்டு இறால் குஞ்சுகள். அவற்றையும் தொட்டியில் விட்டோம். பிறகு இறங்குதுறையில் ஒரு கிரேன் வைத்தால் நல்லது என்று தொடங்கினார்.

“பாதைத் துறையில எங்க காக்கா கிரேன் இரிந்திச்சி?” என்றார் டீச்சர்.

“இரிந்திரிந்தா நல்லா இரிந்திரிக்கும்.”

“ஒருத்தரும் அதால கடக்க மாட்டாங்க. அண்ணாந்து பாத்துக்கொண்டே நிப்பாங்க.”

கயிறு ஒன்று இரண்டு கரைகளுக்கும் இடையில் வளையமாக ஓடும். பாதை அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கும். கயிற்றை இழுப்பது ஒரு சின்ன மோட்டார். என் மோட்டார் சைக்கிளின் பெற்றரியைக் கழற்றி அதற்குக் கொடுத்தோம். கஷ்டம் எங்கே என்றால், மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்றும். அதற்குத் திரும்பத் தெரியாது. டீச்சர் அதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு பற்சில்லுகளை ஒரு தகட்டில் பூட்டி, அந்தத் தகட்டை ஒரே ஒரு போல்டில் தொங்கவிட்டார். தகடு ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு சில்லு மட்டும் வேலை செய்யும், பாதை அக்கரைக்குப் போகும். மறுபக்கம் சாய்ந்தால் இரண்டு சில்லும் சேரும், கயிறு எதிர்ப்பக்கம் ஓடும், பாதை இக்கரைக்கு வரும். பாதை கரையில் போய் முட்டும்போது ஒரு நூல் இழுபட்டுத் தகட்டைச் சாய்க்கும். அவ்வளவுதான். சொல்லிக் கேட்டால் ஒன்றுமில்லை போலத் தெரியும். நான்கு ஞாயிறு போனது.

அந்தத் தகடு தொங்குகிற போல்டில் மட்டும் இரண்டு நட்டு. முதல் நட்டைத் தகட்டில் முட்டாமல், ஒரு தாள் நுழையும் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். இரண்டாவது நட்டைக் கொண்டுவந்து முதலாவதோடு நெருக்கிப் பூட்ட வேண்டும். அப்போது போல்டும் கழலாது, தகடும் இறுகாது. அந்த இடைவெளிக்காக டீச்சர் முழுப் பின்னேரம் ஒன்றைச் செலவழித்தார். விரலால் தட்டுவார். தகடு லேசாக ஆடும். “இன்னும் கொஞ்சம்,” என்பார்.

ஐந்தாவது ஞாயிறு மோட்டாரை ஓட விட்டோம். பாதை நகர்ந்தது. தொட்டியின் நடுவில் இறால் குஞ்சு ஒன்று விலகி வழி விட்டது. அக்கரைக்கு இன்னும் ஒரு சாண் இருக்கும்போது பெற்றரி இறங்கி, பாதை நின்றுவிட்டது. அந்தக் காற்று நாளில் நின்றது போலவே. டீச்சர் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். “வாற ஞாயிறு எயார்போட்டுக்குப் போற வான் உங்கட றோட்டாலதான் போகும். ஒரு மணித்தியாலம் நிப்பாட்டிப் போறன்,” என்றார்.

சனிக்கிழமை பெற்றரியை மின்னேற்றிக் கொண்டுவந்து பூட்டினேன். டீச்சர் இல்லாமல் ஓட விடுவது சரியில்லை என்று ஓட விடவில்லை. அத்தோடு கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம். என்னால் சும்மா இருக்க ஏலாது, அது என் கூடப் பிறந்த நோய். தொட்டியைச் சுற்றி நடந்தேன். விரலால் அங்கே தட்டினேன், இங்கே தட்டினேன். கைபிடி வேலி ஆடியது. கப்பி ஆடியது. ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு முடியாது. ஸ்பனரை எடுத்து ஒவ்வொரு நட்டாக இறுக்கினேன். ஒன்றையும் விடவில்லை. நாளைக்கு டீச்சரின் முன்னால் ஒன்றும் கழலக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இறுக்கினேன்.

ஞாயிறு பின்னேரம் வான் வந்து வீதியில் நின்றது. கூரையில் இரண்டு பெட்டிகள் கட்டியிருந்தன. டீச்சர் புதுச் சேலையோடு, கையில் ஒரு தடித்த கம்பளிச் சட்டையோடு இறங்கினார். எங்கள் வெயிலில் அந்தச் சட்டை ஏதோ உயிருள்ள பிராணி மாதிரி அவர் கையில் கிடந்தது. செருப்பை வாசலில் விட்டார். சட்டையை ஜன்னலில் வைத்தார்.

“உங்கட பங்குப் பட்டியப் பிரிச்சித் தரவா டீச்சர்?” என்று காக்கா கேட்டார். கேட்பதற்கு அவர் முதல் நாளே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு நேராக வந்தது குரல்.

“எது என்டது எண்டு எனக்கே தெரியா இப்ப. எல்லாம் கலந்து போச்சி. எயார்போட்ல அரைப் பெட்டி இரும்ப என்னெண்டு சொல்லுற?”

“வெளையாட்டுச் சாமான் எண்டு சொல்லுங்க.”

“அறுவத்தெட்டு வயசுக் கிழவியா? என்னயும் பிடிச்சி உள்ள போடுவானுகள். ஓட விடுங்க.”

ஓட விட்டேன். மோட்டார் முனகியது. பாதை இக்கரையை விட்டது. போன முறை நின்ற இடத்தைக் கடந்தது. முக்கால் சாண். அரைச் சாண். அக்கரையில் முட்டியது.

நின்றது.

நூல் விறைத்தது. மோட்டாரின் சத்தம் கீச்சென்று உயர்ந்தது. தகடு சாயவில்லை. பாதை அக்கரையில் மூக்கை முட்டிக்கொண்டு நடுங்கியது. நான் பாய்ந்து வயரைக் கழற்றினேன்.

“பெற்றரியாக்கும்,” என்றேன்.

“பெற்றரி இந்தச் சத்தம் போடாது,” என்றார் காக்கா.

டீச்சர் குனிந்தார். தகட்டை ஒரு விரலால் தொட்டார். அது ஆடவில்லை. மறுபடி தொட்டார். நிமிராமலே கேட்டார்: “இத ஆரு இறுக்கின?”

வெளியே காகம் ஒன்று வானின் கூரையில் நடக்கும் சத்தம் கேட்டது.

“நான்தான் டீச்சர். கழண்டிருமெண்டு.”

“எல்லாத்தயுமா?”

“எல்லாத்தயும்.”

காக்கா தலையில் கை வைத்தார். “மனிசன் ஒரு இடத்தில இரிக்கிறானுமில்ல, ஒண்ட ஆட விடுறானுமில்ல!”

டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அடியை விட மோசமாக இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டார். புதுச் சேலையின் தலைப்பை இடுப்பில் செருகினார். கையை நீட்டினார். இரண்டு ஸ்பனர்களை அதில் வைத்தேன். இரண்டாவது நட்டைக் கழற்றினார். முதல் நட்டை அரைச் சுற்றுப் பின்னுக்கு விட்டார். தட்டிப் பார்த்தார். இன்னும் ஒரு மயிரளவு. தாள் ஒன்று கேட்டார். காக்கா சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கட்டை எடுத்துக் கொடுத்தார். அது நுழைந்தது. இரண்டாவது நட்டைக் கொண்டுவந்து நெருக்கினார். வானின் ஹோர்ன் ஒருமுறை அடித்தது. அவர் நிமிரவில்லை.

“இப்ப குடுங்க.”

வயரைக் கொடுத்தேன். நூல் இழுபட்டது. தகடு, நித்திரையில் புரண்டு படுக்கிற பிள்ளை மாதிரி, சாய்ந்தது. பாதை அக்கரையை விட்டது.

ஒருவரும் கை வைக்கவில்லை. டீச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பாதை மிக மெதுவாக வந்தது. பின்னேர வெயில் ஜன்னலால் தொட்டிக்குள் விழுந்து, பாதையோடு கூடவே வந்தது. இக்கரையில் வந்து முட்டியது. தகடு மறுபக்கம் சாய்ந்தது. பாதை மறுபடி புறப்பட்டது. போனது. வந்தது. மூன்றாம் முறை வந்து முட்டியபோது டீச்சர் தானே வயரைக் கழற்றினார்.

“காணும், போதும்,” என்றார். “கழட்டுவம்.”

“விசரா உங்களுக்கு?” என்றார் காக்கா. “இது கிடக்கட்டும் டீச்சர். இத ஆரும் கழட்ட ஏலாது.”

“கழட்டாம எழும்பக் கூடா. இண்டைக்கு மட்டும் என்ன, பெருநாளா? பட்டி இல்லாம வாற ஞாயிறு என்னத்தக் கட்டுவீங்க?”

வருகிற ஞாயிறு. அவர் அதைச் சொன்ன விதத்தில், அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கழற்றினோம். வேலி, கப்பி, கயிறு, தகடுகள். பேணிகளிலிருந்து வாவித் தண்ணீர் காலில் சொட்டியது. பட்டி பட்டியோடு, நட்டு நட்டோடு. காக்கா மூக்கை உறிஞ்சினார், தடிமன் என்றார். கடைசியில் அந்தச் சாயும் தகடு மட்டும் மிஞ்சியது. டீச்சர் இரண்டாவது நட்டைக் கழற்றிப் பேணியில் போட்டார். முதலாவதைக் கழற்றினார். அது அவருடைய எண்ணெய் விரலிலிருந்து வழுகி, கதவில் விழுந்து, உருண்டு, எங்கே போக வேண்டுமோ அங்கேயே போனது. கடதாசி எப்போது கழன்றதென்று யாருக்கும் தெரியாது.

டிங்.

“அசையாதீங்க!”

அந்த நேரம் பார்த்து வான் ஓட்டுகிறவர் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு காலை உள்ளே தூக்கினார். “அம்மா, நேரம் போகுது, இனி வெளிக்கிட்டாத்தான்...”

“காலக் கீழ வெக்காதீங்க!” காக்கா கத்தினார்.

ஓட்டுநர் தூக்கிய கால் தூக்கியபடி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “என்ன, பாம்பா?”

“நட்டு.”

“நட்டா?”

“நட்டு!”

காக்கா நின்ற இடத்திலேயே மெல்லக் குந்தி, தரையில் படுத்து, போன் வெளிச்சத்தைப் படுக்கவிட்டார். டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். “இஞ்சால இல்ல.” “குத்திக்கு அங்கால பாருங்க காக்கா.” “பாத்திட்டன், இல்ல.” வெளிச்சம் தரையோடு தரையாக ஊர்ந்து போனது. மணல் துகள்கள் எழும்பி நிழலோடு நின்றன. நட்டு மட்டும் எழும்பவில்லை.

எழும்பாது. என் வலது காலின் சின்ன விரலுக்குக் கீழே குளிர்ந்த ஆறு மூலைகள் இருந்தன. விழுந்து உருண்டு வந்து அங்கேதான் நுழைந்தது. உடனே தெரிந்தது. வாயைத் திறந்தால் போதும், டீச்சர் புறப்பட்டுவிடுவார். நான் திறக்கவில்லை. அரை நிமிடம் ஓரிடத்தில் நிற்க முடியாத நான், மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே வாவியில் ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். காக்கா இன்னொரு முறை முதலிலிருந்து தேடத் தொடங்கினார். அவருக்கும் அவசரமில்லை என்று பட்டது. கம்பளிச் சட்டை ஜன்னலில் வெயில் காய்ந்தது.

டீச்சர் நிமிர்ந்தார். அந்த அறையில் தரையைப் பார்க்காமல் நின்றவன் நான் ஒருவன்தான். முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார். மறுபடி முகத்தை, அவசரமில்லாமல், ஒரு கணக்கைச் சரி பார்ப்பது போல. பிறகு ஜன்னலுக்குப் போய்ச் சட்டையை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார்.

“காலத் தூக்குங்க தம்பி,” என்றார். “வான்காரர் பாவம், ஒத்தக் கால்ல நிக்காரு. நான் போயிட்டு வாறன்.”